இதய அறுவையில் ஹீலியம், ஆர்கான், செனான்: வாயு எந்த நிமிடத்தில் எந்த உறுப்பைச் சேருகிறது?

#1 இளந்தளிர்

வணக்கம். பம்ப் (இதய-நுரையீரல் இயந்திரம்) வைத்துச் செய்யும் இதய அறுவையில் மந்த வாயுக்களைச் சுவாசிக்கக் கொடுத்து இதயம், சிறுநீரகம், மூளை மூன்றையும் காப்பாற்ற முடியுமா என்று விரிவாகப் பேசத்தான் இந்த இழை. முயல், எலி ஆய்வுகளில் பலன் கண்ணைப் பறிக்கிறது. நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளுக்கு வந்தால் அந்த அளவு பலன் தெரியவில்லை.

எனக்கு மூன்று விஷயம் புரிய வேண்டும். எதோடும் வினைபுரியாத வாயு செல்லுக்குள் போய் என்ன செய்கிறது? எந்தக் கட்டத்தில், எந்த வழியாக, எத்தனை சதவீதம் கொடுக்க வேண்டும்? அறுவை அரங்கில் கொடுக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு எழுதினால் நல்லது.

#2 மைட்டோ

முதல் கேள்விக்கு நான் வருகிறேன்.

வினைபுரியாது என்றால் வேதிப் பிணைப்பு உண்டாக்காது என்று மட்டும்தான் அர்த்தம். புரதத்தின் உள்ளே நீர் விலக்கும் சிறு குழிகள் உண்டு. செனான் அணு பெரியது, அதன் எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளியும், அதனால் அந்தக் குழியில் போய் உட்கார்ந்து புரதத்தின் வேலையை மாற்றிவிடும். செனான் என்எம்டிஏ ஏற்பியை (நரம்பு செல்லைத் தூண்டும் புரதத்தை) தடுக்கிறது என்று ஃபிராங்க்ஸ் குழுவினர் 1998-இல் காட்டினார்கள். கிளைசின் உட்காரும் இடத்தில்தான் அது போட்டி போடுகிறது என்பது பிறகு தெளிவானது. மயக்கம் தருவதும், நரம்பு செல்லைக் காப்பதும் பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஹீலியத்தின் கதை வேறு. சாதாரண அழுத்தத்தில் அது மயக்கம் தராது. ஆனாலும் பேகல் குழுவினரின் 2007 முயல் ஆய்வில் 70% ஹீலியம், 30% ஆக்ஸிஜன் கலவையை 5 நிமிடம் கொடுத்து, 5 நிமிடம் நிறுத்தி, இப்படி மூன்று சுற்று முடித்த பிறகு இதயத் தமனியை 30 நிமிடம் அடைத்தார்கள். செத்துப்போன தசையின் அளவு சுமார் பாதியாகக் குறைந்தது. நியானும் ஆர்கானும் அதே அளவு பலன் தந்தன. பிஐ3கே, இஆர்கே என்ற செல் சமிக்ஞைப் பாதைகளை மருந்தால் அடைத்ததும் பலன் போய்விட்டது. மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லின் ஆற்றல் கூடத்தின்) ஊடுருவல் துளையை வலுக்கட்டாயமாகத் திறந்தபோதும் போய்விட்டது.

அந்தத் துளைதான் இதில் மையம். அடைப்பு நீடிக்கும்வரை செல்லுக்குள் அமிலம் கூடியிருப்பதால் துளை மூடியே கிடக்கும். இரத்தம் திரும்பி வந்ததும் அமிலத்தன்மை சட்டென்று இறங்கும், கால்சியம் குவியும், ஆக்ஸிஜன் தீவிரக் கூறுகள் வெடித்துக் கிளம்பும். முதல் சில நிமிடங்களிலேயே துளை திறந்து, மைட்டோகாண்ட்ரியா வீங்கி, செல் சாகும். வாயு செய்வது, அந்தத் துளை லேசில் திறக்காதபடி செல்லைத் தயார்ப்படுத்துவது. ஹீலியம் நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் வெளியேறிவிடும், ஆனால் அது தட்டிவிட்ட சமிக்ஞை செல்லுக்குள் நிற்கும். முதல் காப்பு ஓரிரு மணி நேரம். அது தணிந்து, சுமார் 24 மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும்.

#3 பம்ப்_அருகில்

மைட்டோ சொன்ன "முதல் சில நிமிடம்" ரொம்ப முக்கியம். ஏன்னா பெரும்பாலான பேர் சறுக்குறது அங்கதான். அறுவையை நிமிடக் கணக்குல ஓட்டிப் பாருங்க.

பம்ப் தொடங்குறதுக்கு முன்னாடி வரைக்கும் நுரையீரல் வழியாக் கொடுக்கிற வாயு எல்லா உறுப்புக்கும் போகும். முழு பைபாஸ் (இதயம், நுரையீரல் வேலையைப் பம்ப்பே செய்யுற நிலை) வந்ததும் இரத்தம் நுரையீரல் பக்கம் போறதே இல்ல. அப்ப வென்டிலேட்டர்ல எதைக் கொடுத்தாலும் வீண். வாயு ஆக்ஸிஜனேட்டரோட (பம்ப்ல இருக்கிற செயற்கை நுரையீரலோட) ஸ்வீப், அதாவது அதுக்குள்ள ஓடுற வாயு ஓட்டம், வழியாத்தான் உள்ள போகணும். அயோர்ட்டால (பெருந்தமனியில) கிளாம்ப், அதாவது கவ்வி, போட்டதும் இதயத் தமனிக்கு இரத்தமே கிடையாது. ஸ்வீப்ல செனான் விட்டா மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும், இதயத்துக்குப் போகாது.

இதுல ஒரு விதிவிலக்கு. இரத்தக் கார்டியோபிளீஜியா (இதயத்தை நிறுத்தி வைக்கிற, இரத்தம் கலந்த கரைசல்) கொடுக்கிற இடத்துல அந்த இரத்தம் ஆக்ஸிஜனேட்டர்ல இருந்துதான் எடுக்கப்படுது. நாலு பங்கு இரத்தம், ஒரு பங்கு கரைசல்னு வச்சுக்கிட்டா, கரைஞ்ச வாயுவில ஐந்துல நாலு பங்கு ஒவ்வொரு டோஸோடயும் இதயத் தசைக்குப் போய்ச் சேரும். இரத்தம் கலக்காத படிகக் கரைசல் மட்டும் கொடுத்தா சுத்தமாப் போகாது. ஒரே வாயு, ஒரே சதவீதம்னு எழுதியிருக்கிற ரெண்டு ஆய்வைக் கார்டியோபிளீஜியா வகை பாக்காம ஒப்பிட்டா தப்பா முடியும்.

இப்ப கிளாம்ப் எடுக்கிற கட்டம். இதயத் தமனிக்குள்ள முதல்ல நுழையுற இரத்தம் எங்கிருந்து வருது? நுரையீரல்ல இருந்து இல்ல, பம்ப்ல இருந்து. அதனால "மறு இரத்த ஓட்டத்தின்போது ஹீலியம் சுவாசிக்க வைத்தோம்"னு ஒரு கட்டுரையில வரி வந்தா, எந்த வழியாங்கிறதை முதல்ல தேடுங்க. அந்த நேரத்துல பம்ப் முழு ஓட்டத்துல இருந்து, வாயு வென்டிலேட்டர்ல மட்டும் போயிருந்தா, துளை திறக்கிற அந்த நிமிஷத்துல இதயத்துக்கு ஹீலியம் கிடைச்சிருக்காது. கிளாம்ப் எடுக்கிறதுக்கு 3, 4 நிமிஷம் முன்னாடியே ஸ்வீப்ல கலவை ஓடணும்.

#4 சுவாசம்72

பம்ப்_அருகில் சொன்னதை வைத்துப் பார்த்தால் செனான் ஏன் அதிகம் ஆராயப்பட்டது என்று புரியும். அது மயக்க மருந்தாகவும் இருப்பதால் தூண்டலிலிருந்து மார்பு மூடும்வரை, பம்ப் நேரம் போக, தொடர்ந்து கொடுக்கலாம். செனானால் முதன்முதலில் மனிதருக்கு மயக்கம் கொடுத்தவர்கள் கல்லனும் கிராஸும், 1951-இல். இரத்தத்தில் கரையும் அளவு 0.115 மட்டுமே, நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு அது 0.47. அதனால் வேகமாக ஏறும், வேகமாக இறங்கும். இதயத்தின் சுருங்கும் வலிமையைக் குறைக்காது, இரத்த அழுத்தத்தைச் சரியவிடாது. பலவீனமான இதயத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

சிக்கல் சதவீதத்தில். அதன் எம்ஏசி அளவு (பாதிப் பேரை அறுவை வலிக்கு அசையாமல் வைக்கும் செறிவு) ஏறத்தாழ 63%. 60% செனான் என்றால் ஆக்ஸிஜனுக்கு மிஞ்சுவது 40%தான். மார்பின் உட்புறத் தமனியைப் பிரித்தெடுக்கும்போது நுரையீரலை அமுக்கி வைக்கச் சொல்வார்கள், சாச்சுரேஷன் (இரத்த ஆக்ஸிஜன் நிறைவு) 91, 90 என்று இறங்கும். அப்போது ஆக்ஸிஜனைக் கூட்டினால் செனான் குறையும், மயக்கமும் ஆழம் குறையும். ஆகவே பக்கத்திலேயே வேறொரு மயக்க மருந்து ஓடத் தயாராக இருக்க வேண்டும், மூளை அலைக் கண்காணிப்பும் வேண்டும்.

கொடுக்கும் முறை: முதலில் 100% ஆக்ஸிஜன், அதிக ஓட்டத்தில், குறைந்தது 5 நிமிடம். 10 நிமிடம் கிடைத்தால் இன்னும் நல்லது. உடம்பிலும் நுரையீரலிலும் இருக்கும் நைட்ரஜன் வெளியேறாவிட்டால் மூடிய சுற்றில் அது சேர்ந்துகொண்டே போய்ச் செனானுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பிறகு சுற்றை மூடிச் செனானை நிரப்ப வேண்டும். சுற்று 5 லிட்டர், நுரையீரல் 2.5 லிட்டர் என்று வைத்தால் 60%-ஐ எட்டவே 4.5 லிட்டர் செனான் போய்விடும். அதன் பிறகு உடம்பு இழுத்துக்கொள்வதை ஈடு செய்தால் போதும். நடுவில் யாராவது பழக்கத்தில் ஆக்ஸிஜன் ஃபிளஷ் பொத்தானை அழுத்திவிட்டால் அந்த 4.5 லிட்டரும் வெளியே. காற்றில் செனான் 0.087 பிபிஎம்தான். ஒரு லிட்டர் எடுக்கச் சுமார் 1.15 கோடி லிட்டர் காற்றைப் பிரிக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, காற்றழுத்த எச்சரிக்கை. 60% செனான் கலவையின் அடர்த்தி காற்றைப்போல் மூன்று மடங்குக்கு மேல். உச்ச அழுத்தம் ஏறும். உடனே மூச்சுக்குழல் சுருக்கம் என்று மருந்து கொடுக்கப் போகாதீர்கள். உள்மூச்சு முடிவில் ஓட்டத்தை நிறுத்தி பிளாட்டோ அழுத்தம் (ஓட்டம் நின்றபோது நுரையீரலில் உள்ள அழுத்தம்) பாருங்கள். அது ஏறாமல் உச்சம் மட்டும் ஏறியிருந்தால் காரணம் வாயுவின் கனம்தான். உள்மூச்சு ஓட்டத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்டினால் சரியாகும். நாள்பட்ட மூச்சடைப்பு நோய் தீவிரமாக உள்ளவருக்குச் செனான் வேண்டாம்.

#5 இளந்தளிர்

நன்றி டாக்டர். ஒரு சந்தேகம். பம்ப் நேரத்திலும் ஸ்வீப் வழியாகச் செனான் கொடுத்தால் மூளைக்குக் காப்பு தொடர்ந்து கிடைக்குமே? ஏன் தயங்குகிறார்கள்?

#6 பம்ப்_அருகில்

தயக்கம் குமிழியால. பைபாஸ்ல எவ்வளவு கவனமா இருந்தாலும் நுண்ணிய காற்றுக் குமிழி கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும். அந்தக் குமிழியில நைட்ரஜன் இருக்கும். நைட்ரஜனோட கரைதிறன் சுமார் 0.014, செனானோடது 0.115, அதாவது எட்டு மடங்கு. நைட்ரஜன் வெளிய போற வேகத்தைவிடச் செனான் உள்ள வர்ற வேகம் அதிகம், குமிழி வீங்கும். நைட்ரஸ் ஆக்ஸைடு அளவுக்கு மோசம் இல்ல, ஆனா வீங்கும். எலிகளுக்கு பைபாஸ் வச்சு மூளைக்குக் குமிழி அனுப்பிப் பார்த்த 2006 ஆய்வுல, செனான் கொடுத்த எலிகளோட நரம்பு நிலை மோசமாத்தான் இருந்தது. காப்பாத்தப் போன வாயு, குமிழி இருக்கிற இடத்துல கெடுதல் பண்ணிடுச்சு.

அதே 2006-ல லாக்வுட் குழு 16 நோயாளிகளுக்கு ஆக்ஸிஜனேட்டர் வழியா 20 முதல் 50% வரை செனான் கொடுத்துப் பார்த்தாங்க. கொடுக்க முடியும்னு காட்டினாங்க. அது பாதுகாப்பைப் பாக்குற முதல் கட்ட ஆய்வு, பலனை நிரூபிக்கிற ஆய்வு இல்ல.

என் கருத்து: இதய அறையைத் திறக்கிற வால்வு அறுவையில பம்ப் நேரத்துச் செனானைத் தொடவே கூடாது. மூடின இதயத்துல செய்யுற தமனி அறுவையில, கானுலா (பம்ப் குழாய்) போடும்போதும், கிளாம்ப் எடுத்து காற்று வெளியேத்தும்போதும் நிறுத்தி வைக்கணும். ஹீலியத்துக்கு இந்தப் பயம் கிட்டத்தட்ட இல்ல. அதோட கரைதிறன் நைட்ரஜனைவிடக் குறைவு, குமிழியை வீங்க வைக்காது.

#7 அளவி

கருவிகள் பக்கம் நான் எழுதுகிறேன். நல்ல திட்டங்கள் கெட்டுப்போகும் இடம் இதுதான்.

முதலில் ரோட்டாமீட்டர், அதாவது மிதவை வைத்து வாயு ஓட்டத்தை அளக்கும் குழாய். மிதவை காட்டும் அளவு வாயுவின் அடர்த்தியைப் பொறுத்தது. 70% ஹீலியம், 30% ஆக்ஸிஜன் கலவையின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.55 கிராம், ஆக்ஸிஜனுக்கு 1.43. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.6. ஆக்ஸிஜனுக்கு அளவிட்ட மீட்டரில் 2 லிட்டர் என்று காட்டினால் உண்மையில் ஓடுவது 3.2 லிட்டர். இதை ஸ்வீப்பில் மறந்தால் என்ன ஆகும்? கார்பன் டை ஆக்ஸைடு அடித்துக்கொண்டு வெளியேறும். இரத்தத்தில் அது 40-லிருந்து 25-க்கு இறங்கினால் மூளை இரத்தக் குழாய்கள் சுருங்கும். உறுப்பைக் காக்க வந்த வாயு, மீட்டர் பிழையால் மூளை இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஹீலியம் தொடங்கிய 3-ஆவது நிமிடத்தில் இரத்த வாயுச் சோதனை கட்டாயம்.

வெப்பக்கம்பி உணரி உள்ள வென்டிலேட்டர்கள் ஹீலியத்தில் மூச்சளவைத் தாறுமாறாகக் காட்டும், காரணம் அதன் வெப்பக் கடத்துதிறன். ஹீலியம் முறை உள்ள கருவி இல்லையென்றால் அழுத்தக் கட்டுப்பாட்டு முறைக்கு மாறி, மார்பு எழும்புவதையும் இரத்த வாயுவையும் நம்புங்கள். அகச்சிவப்பு முறையில் அளக்கும் கார்பன் டை ஆக்ஸைடு மானிட்டரும் ஹீலியத்தில் குறைத்துக் காட்டும். செனானோ அகச்சிவப்பை உறிஞ்சவே உறிஞ்சாது. வழக்கமான மயக்க வாயு மானிட்டர் அதைப் பார்க்காது. செனானுக்கு வெப்பக் கடத்துதிறன் உணரியோ, ஒலி வேக உணரியோ, நிறை நிறமாலைமானியோ வேண்டும். ஆக்ஸிஜன் அளவு மட்டும் பாராகாந்த உணரியில் நம்பகமாக வரும். அதை எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்.

சிலிண்டர் விஷயத்தில் ஒரே ஒரு விதி: அறைக்குள் வரும் ஹீலியம் அல்லது ஆர்கான் சிலிண்டரில் குறைந்தது 21% ஆக்ஸிஜன் முன்கூட்டியே கலந்திருக்க வேண்டும். தூய வாயு சிலிண்டர் கூடாது. பிளெண்டர் (வாயு கலக்கும் கருவி) பழுதானாலும் நோயாளிக்குக் காற்றளவு ஆக்ஸிஜனாவது போகும். இதய அறுவை அரங்கில் தூய ஹீலியம் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அயோர்ட்டிக் பலூன் பம்ப்பை ஊதுவது அதுதான், எடை குறைந்த வாயு என்பதால் நீண்ட மெல்லிய குழாயில் நொடிக்குள் போய்த் திரும்பும். அந்தச் சிலிண்டரும் சுவாசக் கலவைச் சிலிண்டரும் ஒரே மூலையில் நிற்கக் கூடாது.

#8 எண்ணெழுத்து

நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளுக்கு வருகிறேன். பலர் இரண்டு வரி படித்துவிட்டு "செனான் வென்றது" என்றோ "தோற்றது" என்றோ எழுதுகிறார்கள். இரண்டும் சரியில்லை.

முக்கியமானது ஹோஃப்லாண்ட் குழுவினரின் 2017 ஆய்வு. ஐரோப்பாவின் 17 மையங்கள், குறைந்த ஆபத்துள்ள 492 தமனி அறுவை நோயாளிகள். செனான், செவோஃப்ளூரேன் (ஆவி மயக்க மருந்து), புரோபோஃபால் (சிரைவழி மயக்க மருந்து) என மூன்று குழு. 24 மணி நேரத்தில் ட்ரோபோனின் ஐ (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் இரத்தப் புரதம்) நடுமதிப்பு முறையே மில்லிலிட்டருக்கு 1.14, 1.30, 1.48 நானோகிராம். செனான் செவோஃப்ளூரேனுக்குக் குறைந்ததில்லை என்று நிரூபணமானது. புரோபோஃபாலைவிடச் சற்று மேல். ஆனால் 1.14-க்கும் 1.30-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு நோயாளியின் வாழ்க்கையை மாற்றுமா என்பது தனிக் கேள்வி.

ஹீலியத்துக்கு ஸ்மிட் குழுவினரின் 2016 ஆய்வு. இதய இரத்த ஓட்டத்தை நிறுத்துவதற்கு முன்பு, அது திரும்பும்போது, இரண்டும் சேர்த்து என மூன்று விதமாக 70% ஹீலியம். ட்ரோபோனின் குறையவில்லை, திசுவில் எதிர்பார்த்த சமிக்ஞை நொதிகளும் மாறவில்லை. அந்த இரண்டாவது முடிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சமிக்ஞையே எழவில்லை என்றால் காப்பு எப்படி வரும்?

இன்னொரு பாடம் 2015-இல் வந்தது. கை இரத்த ஓட்டத்தை இறுக்கித் தளர்த்தி இதயத்தைப் பதப்படுத்தும் (வரப்போகும் சேதத்தைத் தாங்கத் தயார்ப்படுத்தும்) இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்றில் 1,612 பேர், இன்னொன்றில் 1,403 பேர். இரண்டிலும் பலனில்லை. இரண்டிலும் புரோபோஃபால் பரவலாக ஓடியது. அது பதப்படுத்தலை மழுங்கடிக்கிறது என்ற ஐயம் அதற்கு முன்பே இருந்தது. மறுபுறம், ஆவி மயக்க மருந்துகளே உயிர் காக்கும் என்று நம்பி 5,400 பேரிடம் செய்த 2019 ஆய்வில் ஓராண்டு இறப்பில் வித்தியாசம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஓராண்டு இறப்பு 3%-லிருந்து 2%-க்கு இறங்குமென்று காட்ட, 80% திறனோடு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் 80% வாய்ப்பில் கண்டுபிடிக்கும் அளவுக்கு), ஒரு குழுவுக்குச் சுமார் 3,800 பேர் வேண்டும். அதுவே சிறுநீரகக் காயம் 30%-லிருந்து 24%-க்கு என்றால் குழுவுக்கு 850 பேர் போதும். அதனால் மந்த வாயு ஆய்வை யாராவது இனித் தொடங்கினால் இறப்பையும் ட்ரோபோனினையும் விட்டுச் சிறுநீரகத்தை முதன்மை முடிவாக வைப்பது புத்திசாலித்தனம்.

#9 மைட்டோ

எண்ணெழுத்துவின் முடிவை ஏற்கிறேன், காரணத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். பலன் காட்டிய விலங்குகள் பெரும்பாலும் இளசு, ஆரோக்கியமானவை. ஹீனன் குழுவின் 2008 ஆய்வில் இளம் எலிகளுக்கு ஹீலியம் காப்புத் தந்தது, முதிய எலிகளுக்குத் தரவில்லை. பருமனும் நீரிழிவுக்கு முந்தைய நிலையும் உள்ள எலிகளிலும் அந்தக் காப்பு காணாமல் போயிற்று. இதய அறுவைக்கு வருகிறவர் யார்? வயதானவர், நீரிழிவு உள்ளவர், ஏற்கெனவே பல மருந்துகள் உட்கொள்பவர். செவோஃப்ளூரேனும் அதே பாதையைத்தான் தட்டுகிறது. ஏற்கெனவே தட்டித் திறந்த கதவை ஹீலியம் வந்து மறுபடி தட்டுவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. கார்டியோபிளீஜியாவும் குளிர்ச்சியும் காப்பில் பெரும்பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன.

ஆர்கான் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. காற்றில் 0.93% இருக்கிறது, தாராளமாகக் கிடைக்கும், சாதாரண அழுத்தத்தில் மயக்கம் தராது. 2018-இல் எலிகளுக்கு 50% ஆர்கானை 5 நிமிடமாக மூன்று சுற்று கொடுத்து, பிறகு இதயத்தைக் கார்டியோபிளீஜியாவில் நிறுத்திக் குளிரில் 60 நிமிடம் வைத்தார்கள். மீண்டும் துடித்தபோது ஆர்கான் பெற்ற இதயங்கள் மேலாக இயங்கின. இந்த மாதிரி அறுவை அரங்கின் நிலைமைக்கு மிக அருகில் இருப்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். 50% என்பதும் முக்கியம். ஆக்ஸிஜனுக்கு இடம் மிஞ்சும்.

#10 சுவாசம்72

சிறுநீரகம் என்ற யோசனை எனக்கும் பிடிக்கிறது, உடலியங்கியல் காரணத்தாலும். கிளாம்ப் நேரத்தில் இதயத்துக்குத்தான் ஓட்டம் இல்லை. சிறுநீரகத்துக்கு ஓட்டம் உண்டு, ஆனால் போதாது, அதன் உட்பகுதியில் உள்ள வெளி மெடுல்லா ஆக்ஸிஜன் பற்றாக்குறையின் விளிம்பிலேயே இருக்கும். வாயு அந்த நேரம் முழுக்க அங்கே போய்ச் சேரவும் செய்யும். எலிகளில் செனான் முன்கூட்டியே கொடுத்தபோது எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா (ஆக்ஸிஜன் குறைவில் கூடும் புரதம்) கூடிச் சிறுநீரகம் காக்கப்பட்டது. இதே பாதை இரத்தச் சிவப்பணு ஹார்மோனையும் கூட்டும் என்பதால்தான் 2014-இல் விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் செனானும் ஆர்கானும் சேர்க்கப்பட்டன. ஆர்கான் 2020 பட்டியலில் நீக்கப்பட்டது.

மூளைக்கு: இதயம் நின்று மீண்டு கோமாவில் இருந்த 110 பேரிடம் ஃபின்லாந்தில் லைட்டியோ குழு செய்த 2016 ஆய்வில், 33 டிகிரி குளிர்ச்சியோடு 24 மணி நேரம் குறைந்தது 40% செனான் கொடுத்தபோது வெண்பொருள் சேதம் எம்ஆர்ஐயில் குறைவாகத் தெரிந்தது. ஆறு மாத இறப்பில் உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் இதய அறுவைக்குப் பிந்தைய குழப்ப நிலையைச் செனான் குறைக்குமா என்று பம்ப் வைத்துச் செய்த அறுவையில் 190 முதியவர்களிடம் பார்த்த 2020 ஆய்வில் பலன் வரவில்லை. 24 மணி நேரம் கொடுப்பதும், அறுவை முடியும்வரை சில மணி நேரம் கொடுப்பதும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன்.

#11 இளந்தளிர்

எல்லாவற்றையும் வைத்து ஒரு ஆய்வுத் திட்டத்தின் முதுகெலும்பை எழுதிப் பார்க்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

இதய அறைகளைத் திறக்காத தமனி அறுவை, செவோஃப்ளூரேன் இல்லாமல். தூண்டலுக்குப் பிறகு 70% ஹீலியம் 5 நிமிடம், சாதாரணக் கலவை 5 நிமிடம், மூன்று சுற்று, வென்டிலேட்டர் வழியாக, ஓட்டம் நிமிடத்துக்கு 1 லிட்டர். கிளாம்ப் எடுக்க 4 நிமிடம் முன்பு ஸ்வீப்பில் 70% ஹீலியம் தொடங்கி, எடுத்த பின் 15 நிமிடம். முதன்மை முடிவு சிறுநீரகக் காயம்: 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்வு, அல்லது 7 நாளில் ஒன்றரை மடங்கு, அல்லது தொடர்ந்து 6 மணி நேரம், மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் குறைவாகச் சிறுநீர்.

#12 அளவி

நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டத்தை மாற்றுங்கள். திட்டமே அதில் அடிபட்டுப் போகும். சுற்றும் நுரையீரலும் சேர்ந்து 7.5 லிட்டர். 1 லிட்டர் ஓட்டத்தில் காலமாறிலி (இலக்கில் சுமார் 63%-ஐ எட்ட ஆகும் நேரம்) ஏழரை நிமிடம். 5 நிமிடத்தில் வாயு எட்டுவது இலக்கில் பாதி அளவுதான். 70% என்று எழுதி 34%தான் கொடுத்திருப்பீர்கள். இடைவேளை 5 நிமிடத்திலும் அது முழுதாக வெளியேறாது, ஆகவே "சுற்று" என்று ஒன்று நடக்கவே நடக்காது. 8 லிட்டர் ஓட்டம் வையுங்கள், காலமாறிலி ஒரு நிமிடத்துக்குள் வரும், 5 நிமிடத்தில் 99%. மூன்று சுற்றுக்குக் கலவை 120 லிட்டர். 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டர் 150 பாரில் 1,500 லிட்டர் தரும், தாராளம்.

ஸ்வீப்புக்கு 79% ஹீலியம், 21% ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பிளெண்டரின் காற்று நுழைவாயிலில் இணைத்தால் போதும். 70/30 வேண்டுமென்றால் ஆக்ஸிஜன் பக்கம் 11.4%, கலவைப் பக்கம் 88.6%. பிளெண்டர் குமிழில் உள்ள எண்ணை நம்பாமல் ஆக்ஸிஜன் மானிட்டரில் 30 வரும்வரை திருகுங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் வேண்டுமென்றால் ஆக்ஸிஜன் மீட்டரில் 1.25-இல் வையுங்கள்.

#13 பம்ப்_அருகில்

ரெண்டு திருத்தம், இளந்தளிர்.

முன்பதப்படுத்தல் சுற்றுகளை மார்புத் தமனி எடுக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. லைன் போட்டு, தோல் சுத்தம் பண்ணி, துணி போர்த்துற அந்த அரை மணி நேரம் சரியான இடம். அப்ப நுரையீரல் முழுசா விரிஞ்சிருக்கும், 30% ஆக்ஸிஜன் போதும். சாச்சுரேஷன் 92-க்குக் கீழ போனா அந்தச் சுற்றை நிறுத்தி, நிறுத்தினதைப் படிவத்துல குறிச்சு வையுங்க. பாதிச் சுற்று வாங்கின நோயாளியை முழுச் சுற்றுன்னு எண்ணக் கூடாது.

ரெண்டாவது இன்னும் கவனிக்க வேண்டியது. கிளாம்ப் எடுக்கிற நேரம்தான் உடம்பைச் சூடாக்குற நேரமும். ஆக்ஸிஜன் தேவை ஏறிக்கிட்டே இருக்கும். ஸ்வீப்ல 30% மட்டும்னா வாயுப் பக்கத்து ஆக்ஸிஜன் அழுத்தம் 214-க்கு மேல போகவே முடியாது, இரத்தத்துல அதைவிடக் குறைவாத்தான் வரும். ஹீமோகுளோபின் 7, 8-ன்னு இருந்தா கரைஞ்ச ஆக்ஸிஜனோட உதவியும் போயிடும். சிரைச் சாச்சுரேஷனை விடாமப் பாருங்க. 65-க்குக் கீழ இறங்கினா முதல்ல பம்ப் ஓட்டத்தைக் கூட்டுங்க, அப்பவும் ஏறலைன்னா ஹீலியத்தை 50%-க்கு இறக்குங்க. சிறுநீரகத்தை முதன்மை முடிவா வச்சிட்டு, அந்தச் சிறுநீரகத்துக்கே ஆக்ஸிஜனைக் குறைச்சுக் கொடுத்தா ஆய்வு தன்னைத் தானே தோற்கடிச்சிடும்.

#14 எண்ணெழுத்து

கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே நிமிடங்களில் அதே 30% ஆக்ஸிஜனை, ஹீலியத்துக்குப் பதில் நைட்ரஜனோடு கொடுங்கள். வழக்கமான 60, 70% கொடுத்துவிட்டு ஒப்பிட்டால், கடைசியில் வந்த வித்தியாசம் ஹீலியத்தாலா, ஆக்ஸிஜன் குறைந்ததாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சிலிண்டரையும் மீட்டரையும் திரைக்குப் பின்னால் வைத்து, பம்ப் இயக்குபவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கிரியேட்டினின் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவினருக்கு எந்த வாயு என்று தெரியக் கூடாது.

#15 இளந்தளிர்

ஓட்டம் 8 லிட்டர், சுற்றுகள் மார்புத் தமனிக்கு முன், ஸ்வீப்பில் சிரைச் சாச்சுரேஷன் வரம்பு 65, கட்டுப்பாட்டுக் குழுவுக்கு நைட்ரஜனோடு 30% என்று மாற்றிக்கொள்கிறேன். மைட்டோவுக்கு ஒரு கேள்வி மிச்சம்: இதே அமைப்பில் ஹீலியத்துக்குப் பதில் 50% ஆர்கான் என்றால் மீட்டர் திருத்தம் எவ்வளவு?

#16 அளவி

மைட்டோவுக்குப் பதில் நான் சொல்லிவிடுகிறேன். ஆர்கான் லிட்டருக்கு 1.78 கிராம். 50% ஆர்கான், 50% ஆக்ஸிஜன் கலவை 1.6 கிராம். 1.43-ஐ 1.6-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.945. ஆக்ஸிஜன் மீட்டரில் 2 என்று காட்டினால் உண்மையில் 1.9 லிட்டர் ஓடும். ஹீலியத்தில் வந்த பெரிய பிழை இதில் இல்லை. ஸ்வீப்பில் 50% ஆக்ஸிஜனும் கிடைப்பதால், சூடாக்கும் நேரத்தில் பம்ப்_அருகில் சொன்ன நெருக்கடியும் பெருமளவு குறையும்.